கரிசல் கண்மாயும் அதன் கரையில்லாத பக்கமும்

கயத்தாற்றை அடுத்த கரிசற் சிற்றூர் ஒன்றில் என் இளமை கழிந்தது. எங்கள் வீட்டு அடுக்களையில் நீர்ப்பானைக்குப் பக்கத்தில் ஒரு சிறு கிண்ணம் எப்போதும் இருக்கும். அதில் நான்கைந்து தேற்றாங்கொட்டைகள் கிடக்கும். ஊருணியிலிருந்து சுமந்து வந்த நீர் பால் கலந்த தேநீரின் நிறத்தில் இருக்கும். உம்மா தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறத்தில் சுற்றித் தேய்த்துவிட்டு, அதன்பின் நீரை ஊற்றித் துணியால் மூடிவைப்பார். விடிந்தபின் பார்த்தால் மேலே தெளிந்த நீர் நிற்கும்; அடியில் இரண்டு விரற்கடை உயரத்துக்குக் கரிய சேறு படிந்திருக்கும். இந்தப் பழக்கம் நேற்று வந்ததன்று. கலங்கிய நீர் இவ்விதையால் தெளிவதைக் கலித்தொகைப் புலவர் கலங்கிய நெஞ்சம் தெளிவதற்கு உவமையாக்கியிருக்கிறார். துயருற்றாரைத் தேற்றுதலும் கலங்கிய நீரைத் தேற்றுதலும் தமிழில் ஒரே வினைச்சொல்லால் வழங்குவதை மாணவர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

பானை நீரைத் தேற்ற ஒரு கொட்டை போதும். கண்மாய் நீரைத் தேற்றுவது எது? அந்தச் சேறு நம் பானை வரைக்கும் வந்து சேர்வானேன்? இவ்விரண்டு வினாக்களுக்கும் விடை கண்மாயின் ஓரத்தில், அதிலும் நாம் திரும்பிப் பார்க்காத ஓரத்தில் இருக்கிறது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிறையின் மறுபாதி

புறநானூற்றின் 118ஆம் பாட்டில் கபிலர் பாரியின் பறம்பு நாட்டுச் சிறுகுளத்தைக் காட்டுகிறார். அதன் வளைந்த கரைக்கு அவர் கண்ட உவமை எட்டாம் நாள் திங்கள். எட்டாம் நாளில் நிலவு பாதியளவே ஒளிரும். எஞ்சிய பாதி இருளில் இருக்கும். நம் கண்மாய்களின் அமைப்பும் அவ்வாறே. தாழ்ந்த பக்கத்தில் மட்டும் மண்கரை வளைந்து நிற்கும். மடை, கலுங்கு, மறுகால், அலைகல் ஆகிய உறுப்புகள் யாவும் அக்கரையைச் சார்ந்தவை. மேட்டுப் பக்கத்தில் மனிதன் கட்டிய கரை ஏதும் இல்லை. அங்கே நிலம் மெல்லச் சரிந்து நீருக்குள் இறங்கும். பெருக்குக் காலத்தில் நீர் மேலேறும், கோடையில் பின்வாங்கும். எங்கே கண்மாய் முடிகிறது, எங்கே காடு தொடங்குகிறது என்று கோடு கிழித்துக் காட்ட இயலாது. அப்பகுதி முழுவதையும் 'உள்வாய்' என்ற ஒரே பெயரால் குறிப்பதோடு நின்றுவிடுகிறோம்.

மழைநீர் கண்மாய்க்குள் நுழைவது இந்தக் கரையில்லாத பக்கத்தின் வழியேதான். மண்ணும் உரமும் சாணமும் நுழைவதும் அவ்வழியேதான்.

இவ்வளவு எளிய உண்மையை நான் நூலிற் கற்கவில்லை. பிழை செய்து கற்றேன். சில ஆண்டுகளுக்கு முன் நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் சிறப்பு முகாமை ஒரு கரிசற் சிற்றூரில் நடத்தினோம். ஊர்ப் பெயர் ஈண்டு வேண்டுவதில்லை. கண்மாயைக் காப்போம் என்ற பதாகையோடு சென்ற மாணவர்கள் இருநூறு புங்கங் கன்றுகளைக் கரைமேல் வரிசையாக நட்டனர். படமும் எடுத்துக்கொண்டோம். அதைப் பார்த்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர், முன்னாளில் அக்கண்மாயின் நீர்ப்பாய்ச்சியாக இருந்தவர், என்னிடம் வந்து, "வாத்தியாரய்யா, அழுக்கு கரையில இருந்தா வருது? காட்டுல இருந்துல்லா வருது. வர்ற வாசல்ல ஒரு புல்லு வைக்காம, வராத வாசல்ல காவல் போட்டிருக்கீகளே" என்றார். மாணவர்கள் சிரித்தனர், எனக்குச் சிரிப்பு வரவில்லை. பின்னர் விசாரித்தபோது இன்னொன்றும் தெரிந்தது. மண்கரையின்மேல் பெருமரம் வளர்ப்பதைப் பொறியாளர்கள் விரும்புவதில்லை. மரம் பட்டுப்போனால் அதன் வேர் மட்கி, அவ்வழியே நீர் கசிந்து கரை உடையக்கூடும். பனைக்கு இந்தக் குற்றம் குறைவு. அதன் வேர் சல்லிவேர். நம் முன்னோர் கரைமேல் பனையை வைத்ததன் காரணம் அப்போதுதான் விளங்கியது. எங்கள் கன்றுகளைப் பற்றிக் கவலைப்படத் தேவையிருக்கவில்லை. அடுத்த ஆடிக்குள் பெரும்பாலானவற்றை வெள்ளாடுகள் தின்று தீர்த்திருந்தன.

கரிசல் மண்ணின் இயல்பு

கரிசல் மண் தனி இயல்புடையது. நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கி, கால் நுழையும் அளவுக்கு வெடிக்கும். இதற்குக் காரணம் அதிலுள்ள நுண்களிமண். களித்துகள் என்று மண்ணியலார் கூறுவது ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூற்றில் ஒரு பங்குக்கும் குறைந்த பருமனுடையது. அந்த உச்ச வரம்புப் பருமனுடைய துகள் அசையாத நீரில் ஒரு மீட்டர் ஆழம் இறங்க ஏறத்தாழ மூன்று நாள் ஆகும். அதிற் பத்தில் ஒரு பங்கு பருமனுடைய துகளுக்கோ நூறு மடங்கு காலம் வேண்டும். காற்று வீசி அலை எழும் திறந்த கண்மாயில் அது படிவதே இல்லை எனலாம். செம்மண் நாட்டுக் குளங்கள் மழை ஓய்ந்தபின் விரைவில் தெளிய, கரிசற் கண்மாய்கள் தைப் பொங்கல் கழிந்தும் கலங்கியே நிற்பதன் மருமம் இதுதான். தேற்றாங்கொட்டையின் வேலையும் இதனால் புலப்படும். அதன் பசை நுண்துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்துப் பருமனாக்குகிறது. பருமனானவை விரைந்து இறங்குகின்றன.

கோவில்பட்டி வட்டாரத்தின் ஆண்டு மழை 700 மில்லிமீட்டரை ஒட்டியது. அதிற் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகையின் வடகிழக்குப் பருவத்தில் விழுந்துவிடும். கோவில்பட்டியில் 1901-இல் தொடங்கப்பெற்ற வேளாண் ஆராய்ச்சி நிலையம் இந்த மானாவாரி நிலத்துக்கென்றே அமைந்தது. மழைக்கு முன்பே புழுதியில் விதைத்துவிட்டுக் காத்திருப்பது இங்குள்ள முறை. பருத்தி, கம்பு, சோளம், உளுந்து என்றிருந்த காடுகளில் கடந்த இருபது ஆண்டுகளில் மக்காச்சோளம் பரவிற்று. அதற்கு உரம் மிகுதி. விதைப்போடு அடியுரம் இடுகிறார்கள். பயிர் வேரூன்றி அதை உண்பதற்கு முன்பே பருவத்தின் முதற் பெருமழை கொட்டுகிறது. முதல் மழைநீரை வெடிப்புகள் குடித்துவிடும். வெடிப்பு மூடியபின் மண் நீரை வாங்காது, விழுவதெல்லாம் ஓடும். ஓடும்போது உழவன் விலை கொடுத்து வாங்கிய உரத்தையும், நூற்றாண்டுகளாகச் சேர்ந்த மேல்மண்ணையும் எடுத்துக்கொண்டே ஓடும்.

உரத்தில் உள்ள மணிச்சத்து, அதாவது பாஸ்பரசு, களித்துகளைப் பற்றிக்கொள்ளும் இயல்புடையது. ஆகவே மண் போகும் இடமெல்லாம் மணிச்சத்தும் போகிறது. கண்மாயில் அது சேர்ந்தபின் நீர்ப்பாசிக்கு விருந்தாகிறது. மாசியில் நீர் வற்றத் தொடங்கும்போது பச்சை வண்ணம் பூசியதுபோல் ஆடை படர்வதைக் கண்டிருப்பீர்கள். பாசி இரவில் மூச்சுவிடுகையில் நீரிலுள்ள உயிர்வளியைத் தீர்த்துவிடுகிறது. விடியலில் மீன்கள் வாய்பிளந்து மேலே வந்து செத்து மிதக்கின்றன. நீலப்பச்சைப் பாசிகளிற் சில நஞ்சும் சுரப்பவை. அமெரிக்காவில் ஈரி என்னும் பேரேரியின் கரையில் உள்ள டொலீடோ நகரத்தில், 2014 ஆகஸ்டு மாதத்தில், நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்களிடம் குழாய் நீரைக் குடிக்க வேண்டாம் என்று அறிவிக்க நேர்ந்தது. வயல்களிலிருந்து வந்த மணிச்சத்தும் அதனால் கொழுத்த பாசியுமே காரணம். காய்ச்சினாலும் அந்நஞ்சு போகாது. நீர் ஆவியாகி நஞ்சு செறியும் என்பதால் காய்ச்சவும் வேண்டாம் என்றார்கள். செல்வம் கொழிக்கும் நாட்டுக்கே இந்த நிலை.

கோவில்பட்டி நகருக்குச் சீவலப்பேரியிலிருந்து தாமிரபரணி நீர் குழாய்வழி வந்து பல ஆண்டுகள் ஆயின. சிற்றூர்களுக்கும் கூட்டுக் குடிநீர்த் திட்டங்கள் வந்துவிட்டன. அது நன்மையே; தலையிற் குடம் சுமந்த தாய்மார்களைக் கேட்டால் சொல்வார்கள். ஆனால் குழாய் வந்த அன்றே ஊருணிக் காவலும் போயிற்று. முன்பு ஊருணிக்குள் செருப்போடு இறங்கியவனை ஊர் தண்டித்தது. இன்று கோழிக்கடைக் கழிவு மூட்டையோடு வருகிறவனையும் கேட்பாரில்லை.

பச்சை வடிகட்டி

மேட்டுப் பக்கத்தில், நீர் நுழையும் ஓரம் நெடுகிலும் புல்லும் புதரும் மரமுமாக ஒரு பட்டை அடர்ந்து நின்றால் என்ன நிகழும்? ஓடிவரும் நீர் புல்லின் தண்டுகளில் மோதி வேகம் இழக்கும். வேகம் இழந்த நீரால் சுமையைத் தாங்க இயலாது. மணலும் மண்கட்டிகளும் அங்கேயே படியும். வேர்கள் மண்ணில் துளைகளை ஏற்படுத்தியிருப்பதால் நீரின் ஒரு பகுதி நிலத்துக்குள் இறங்கும். அதனோடு நுண்களியும் கரைந்த சத்தும் இறங்கும். அச்சத்தைச் செடிகள் உண்ணும். நன்கு வேரூன்றிய புற்பட்டை, தன்வழி வரும் வண்டலிற் பாதிக்கு மேல் தடுத்துவிடும் என்பது பல நாட்டு ஆய்வுகளின் பொதுவான முடிவு. நீர் நிறைந்திருக்கும் காலத்தில் இதே வேர்கள் அலையால் ஓரம் அரிபடாமல் பிடித்துக்கொள்ளும்.

இதற்கு ஒரு வரம்பும் உண்டு. அதை மறைத்துப் பேசுதல் கூடாது. நீர் விரிந்து, பாய்போல் பரவி வந்தால்தான் புற்பட்டை வடிகட்டும். ஓடையாகத் திரண்டு ஒரே இடத்தில் பாய்ந்தால் புல்லைச் சாய்த்துப் போட்டுவிட்டு உள்ளே சென்றுவிடும். கரிசலில் நீர் விரைவில் ஓடையாகத் திரளும். ஆகையால் வரத்துக்காலின் வாயில் புல் மட்டும் போதாது. கல்லடுக்கி நீரைப் பரப்பிவிட்டு, அதன்பின் புல்லுக்குள் விடவேண்டும். மிக நுண்ணிய களியை எந்தப் புல்லும் முழுவதும் பிடித்து வைக்காது. தேற்றாங்கொட்டைக்கு வேலை அடியோடு போய்விடாது என்றே சொல்லலாம்.

இதனை ஓர் அமைப்பாகவே வளர்த்தெடுத்தவர்கள் இலங்கையின் வறண்ட வலயத்து உழவர்கள். அனுராதபுரம் முதலிய பகுதிகளில் ஒரு குளத்தின் மறுகால் நீர் அடுத்த குளத்துக்குச் செல்லும்படி தொடர்குளங்கள் உண்டு. நம் வைப்பாற்றுப் படுகையின் சங்கிலிக் கண்மாய்கள் போன்றவை. அங்கே குளத்தின் மேட்டுப் பக்கத்தில் மரங்களின் வளையம் ஒன்றை விட்டுவைப்பர். அதற்கு 'கஸ்கொம்மன' என்று பெயர். மரவளையத்தை ஒட்டி, நீர் நுழையும் பக்கத்தில், ஒரு புல்வெளியையும் விட்டுவைப்பர். அதன் பெயர் 'பெரஹன'. சிங்களத்தில் அச்சொல்லுக்கு வடிகட்டி என்றே பொருள். கரைக்குக் கீழே, குளத்துக்கும் வயலுக்கும் நடுவில், உப்பு நீரை உறிஞ்சும் மரஞ்செடிகளுக்கென 'கட்டகடுவ' என்னும் இடமும் உண்டு. ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண் நிறுவனம் இத்தொடர்குள முறையை 2017-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த வேளாண் மரபுகளுள் ஒன்றாக ஏற்றது. எனக்கு இதில் வியப்பூட்டுவது அந்த ஏற்பன்று. கட்டாத கரைக்கும் அவர்கள் பெயர் வைத்திருப்பதே. பெயருள்ள இடத்தை ஆக்கிரமிப்பவனை ஊர் அடையாளம் காட்டும். பெயரற்ற இடத்தில் ஏர் நுழைந்தால் யார் கேட்பார்?

பத்தாயிரம் ஏரிகளின் நாடு என்று தன்னைப் பெருமையாக அழைத்துக்கொள்ளும் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலம், 2015-இல் சட்டமே இயற்றிற்று. பொது நீர்நிலைகளை ஒட்டிய விளைநிலங்களில் சராசரி 50 அடி அகலத்துக்கு நிலைத்த தாவரங்கள் நிற்கவேண்டும் என்பது அதன் விதி. அண்டை மாநிலமான விஸ்கான்சின் ஏரிக்கரை வீடுகளுக்கு 35 அடித் தாவரப் பட்டையை விதித்திருக்கிறது. அங்கே சிக்கல் வேறு. ஏரியைக் காண வசதியாகச் செடிகளை வெட்டி, நீர் விளிம்பு வரைக்கும் புல்தரை அமைத்து, அதற்கும் உரமிட்டார்கள், ஏரி பச்சையாயிற்று. இப்போது அதே இடத்தில் அம்மண்ணுக்குரிய செடிகளைத் திரும்ப நடுகிறார்கள்.

நம் கல்லூரியின் அரபுத்துறை நண்பரிடம் இது பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது அவர் 'ஹரீம்' என்ற சொல்லை நினைவூட்டினார். நீர்நிலையைச் சுற்றி எவரும் தமக்கென ஆக்கிக்கொள்ளக் கூடாத காப்புநிலம் என்பது இஸ்லாமியச் சட்டநூல்களில் அச்சொல்லுக்குரிய பொருள்களுள் ஒன்று. கிணறு தோண்டியவருக்கு அதனைச் சுற்றி நாற்பது முழம், அவருடைய கால்நடைகள் தங்குவதற்கு உரியது என்னும் கருத்துள்ள நபிமொழி இப்னு மாஜாவின் தொகுப்பில் உள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் உதுமானியப் பேரரசு தொகுத்த மஜல்லா சட்டமும் கிணற்றின் ஹரீம் நாற்புறமும் நாற்பது முழம் என்றே வரையறுத்தது. நாற்பது முழம் ஏறத்தாழ 60 அடி. மின்னசோட்டாவின் 50 அடிக்கு இது நெருங்கி வருவதைக் காட்டி, அன்றே சொல்லிவிட்டார்கள் என்று மேடையில் முழங்க நான் விரும்பவில்லை. நோக்கங்கள் வேறு, அங்கே கால்நடைக்கு இடமும் கிணற்றின் உரிமையும் பேசப்படுகின்றன, மணிச்சத்து அன்று. ஆயினும் நீரை மட்டும் காத்தால் போதாது, நீரைச் சுற்றியுள்ள நிலத்திலும் ஓர் எல்லைவரை தனியுரிமை செல்லாது என்ற அடிப்படை இரண்டுக்கும் ஒன்றே.

இரு கருவேலங்கள்

கரிசற் கண்மாய்களின் உள்வாயில் ஏற்கெனவே பட்டையளவில் அன்று, காடளவில் ஒரு தாவரம் நிற்கிறதே என்று கேட்கலாம். சீமைக் கருவேலத்தைத்தான் சொல்கிறேன். தென் அமெரிக்காவைச் சார்ந்த இம்மரத்தின் விதை 1870களில் அன்றைய சென்னை மாகாணத்தின் கடப்பைப் பகுதிக்கு வந்தது. வேலிக்கும் விறகுக்கும் உதவும் என்று பின்னர் தென் மாவட்டங்கள் எங்கும் பரப்பினர். உதவவும் செய்தது. மழை பொய்த்த ஆண்டுகளில் கரி சுட்டுப் பிழைத்த குடும்பங்கள் கரிசலில் பல. அந்த நன்றியை மறந்து இம்மரத்தைத் திட்டுவது எளிது.

வடிகட்டி என்ற முறையில் இது தேறுவதில்லை. இதன் அடர்நிழலில் புல் முளைப்பது அரிது; மரத்தடி வெற்றுத் தரையாகவே கிடக்கும். முன்பே கூறியவாறு வடிகட்டுவது தரையை ஒட்டிய புல்லே ஒழிய, தலைக்கு மேலுள்ள இலையன்று. 2017-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இம்மரங்களை அகற்ற ஆணையிட்டதும், ஊர்தோறும் மண்வெட்டும் எந்திரங்கள் இறங்கியதும், பின்னர் அப்பணிக்குத் தடை வந்ததும் நினைவிருக்கும். 2022-இல் அயல் ஊடுருவல் தாவரங்கள் பற்றிய கொள்கையொன்றைத் தமிழ்நாடு அரசு வெளியிட்டது. அகற்றுவது சரி. ஒரே கோடையில் முழு உள்வாயையும் வேரோடு புரட்டிப் போட்டுவிட்டுப் போனால், அடுத்த ஐப்பசி மழைக்கு அந்தப் புழுதி முழுவதும் கண்மாயின் வயிற்றுக்குள் போகும். பத்தடி அகற்றி, அங்கே புல் விதைத்து, அது பிடித்தபின் அடுத்த பத்தடிக்குப் போவதே முறை. விரைவாகக் கணக்குக் காட்ட விரும்புவோர்க்கு இம்முறை ஒத்துவராது.

பெயரொப்புமையால் நேரும் குழப்பமும் ஒன்றுண்டு. கருவேலம் வேறு, சீமைக் கருவேலம் வேறு. மஞ்சட் பூப்பந்துகளும், மணிமணியாக இடுங்கிய வெண்மைபடர் காயும் உடைய கருவேலம் இம்மண்ணுக்கே உரியது. மாதக்கணக்கில் நீரில் நின்றாலும் அழுகாது. அதன் காய் ஆட்டுக்குத் தீனி, கட்டை ஏருக்குக் கலப்பை, பட்டை தோல் பதனிட, குச்சி பல் துலக்க. கூந்தன்குளத்திலும், இராமநாதபுரம் மாவட்டத்துச் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் கண்மாய்களிலும் பறவைகள் இம்மரத்திலேயே கூடு கட்டுகின்றன. மூன்றும் 2022-இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றன. 1981-இல் ஸ்வீடன் நாட்டின் உதவியோடு தமிழகத்தில் தொடங்கிய சமூகக் காடுகள் திட்டத்தில் கண்மாய் உள்வாய்களில் பெருமளவில் நடப்பட்டதும் கருவேலமே. அத்திட்டத்தின் நோக்கம் விறகு. எனவே உள்வாயை நிரப்பி மரம் வைத்தார்கள். காலம் வந்ததும் ஏலம் விட்டு வெட்டினார்கள். ஊராட்சிக்குப் பணம் வந்தது. அதே மரத்தை ஓரத்தில் மட்டும், வெட்டாத பட்டையாக, அடியிற் புல்லோடு வைத்திருந்தால் நீருக்கும் பயன் பட்டிருக்கும் என்பது என் கருத்து.

எதை, எங்கே நடுவது

நீர் ஆண்டில் பல மாதம் நிற்கும் கீழ்விளிம்பில் கோரையும் நாணலும் தாமாகவே வரும், வரவிட்டால் போதும். சம்பு மட்டும் எச்சரிக்கைக்குரியது. ஆழமில்லாத கண்மாயை முழுவதும் தன்னுடையதாக்கிக்கொள்ளும். அதற்கு மேல், நீர் ஏறி இறங்கும் பகுதியே உயிர்நிலை. அங்கே வெட்டிவேர் வரிசைகள், இடையே அறுகு, பத்துப் பன்னிரண்டு அடிக்கு ஒரு கருவேலம், ஈரம் மிகுந்த இடங்களில் நொச்சி. வெட்டிவேர் பக்கவாட்டில் ஓடாமல் நேர்கீழாக ஆளுயரத்துக்கு மேல் வேர் விடுவது. வெடிக்கும் கரிசலில் அந்த வேர் அறுபடாமல் நிற்பதை நானே கண்டிருக்கிறேன். தென்னாட்டு வகை விதையாற் பரவுவதில்லை. காட்டுக்குள் புகுந்துவிடுமோ என்ற அச்சம் உழவர்க்கு வேண்டா. இன்னும் மேலே, வெள்ளம் என்றேனும் எட்டும் இடத்தில் கொழுக்கட்டைப் புல், ஆவாரை, இலந்தை, வெள்வேல், வன்னி, பனை. இவற்றுள் எதுவும் நாற்றங்கால் விளம்பரங்களில் அழகாகத் தோன்றாது. யாவும் தண்ணீர் ஊற்றாமல் பிழைப்பவை; கரிசலில் அதுவே அழகு.

செடியைவிடக் கடினமானவை இரண்டு: ஆடும் நிலமும். ஆடுமாடு நீர் குடிக்க வழி இல்லாமல் பட்டையை அடைத்துவிட்டால் ஊர் ஒப்பாது, ஒப்பவும் கூடாது. ஓரிடத்தில் கல் பாவிய துறை ஒன்றை விட்டு, மற்ற இடத்தில் இரண்டு பருவம் மேய்ச்சலை நிறுத்தவேண்டும். அதன்பின் புல்லை அறுத்துக் கொண்டுபோகலாம். அறுப்பது நல்லதும்கூட, புல் உண்ட சத்து அதனோடு வெளியேறும். நிலம் பற்றிய வழக்கு இன்னும் நுட்பமானது. வறண்ட ஆண்டுகளில் உள்வாய்க்குள் இறங்கி உழுதவர், மழை பெய்த ஆண்டிலும் அதைத் தமதென்கிறார். நீர்நிலை ஆக்கிரமிப்பை அகற்ற 2007-இலேயே தமிழ்நாட்டில் தனிச்சட்டம் வந்துவிட்டது. இருந்தும் மூன்று ஏக்கர் மானாவாரிக்காரரிடம் பட்டா நிலத்தில் 50 அடி விடு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. பல கண்மாய்களில் நில அளவைக் கற்களுக்கு உட்பட்ட புறம்போக்கே பட்டைக்குப் போதும். அக்கற்களைத் தேடிக் கண்டுபிடிப்பதே முதல் வேலை. 2017-இல் குடிமராமத்து மீண்டும் தொடங்கியபோதும் கரையும் மடையும் கலுங்கும் தூர்வாரலுமே பெரும்பாலும் கவனம் பெற்றன. தமிழ்நாட்டில் ஏரி, கண்மாய்கள் ஏறத்தாழ 39,000 என்பர். தூர் வாருகிறோம், தூர் வரும் வழியைத் திறந்தே வைத்திருக்கிறோம்.

சோ. தர்மன் தம் 'சூல்' நாவலில் உருளைக்குடிக் கண்மாயையும் அதைச் சுற்றி வாழ்ந்த ஊரையும் எழுதி, 2019ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருதைக் கோவில்பட்டிக்குக் கொண்டுவந்தார். நம் துறை மாணவர்கள் அதைப் பாடமாகவோ ஆய்வுக்காகவோ படிக்கிறார்கள். படித்தபின் அவர்களை ஒரு முறை ஒரு கண்மாயின் மேட்டுப் பக்கமாக நடக்கவிட வேண்டும் என்பது என் ஆசை. அந்த ஆசையில்தான் அடுத்த முகாமையும் அதே ஊரில் வைத்தோம்.

இம்முறை அந்த முதியவரே இடம் காட்டினார். உள்வாயின் மேற்கு ஓரத்தில், மேட்டுக்காடு சரியும் இடத்தில், ஏறக்குறைய இருநூறு அடி நீளத்துக்கு மூன்று வரிசை வெட்டிவேர் நட்டோம். இடையில் கருவேல விதை ஊன்றினோம். எங்களுக்கு உள்ளூரில் கிடைத்த பெயர் 'புல்லு நடுற வாத்தியாரு'. முதல் மழை தவறிற்று. நாற்றில் மூன்றில் ஒரு பங்கு காய்ந்தது. மறு நடவு செய்தோம். இரண்டாம் ஆண்டு கார்த்திகையில் சென்று பார்த்தபோது, கண்மாய் நீர் தெளிந்துவிட்டது என்று சொல்ல முடியாது. இருநூறு அடிக்கு அது நடவாது. ஆனால் வெட்டிவேர் வரிசையின் மேற்பக்கத்தில் நெடுகிலும் ஒரு சாண் உயரத்துக்குக் கரம்பை தேங்கி, பாளம் பாளமாகக் காய்ந்துகொண்டிருந்தது.

முதியவர் ஒரு பாளத்தை எடுத்து நொறுக்கிப் பார்த்தார். மேட்டுக்காட்டுக்காரரைக் கைதட்டி அழைத்து, "இந்தா பாரு, ஒங் காட்டு மண்ணுதான். போன வருசம் வரைக்கும் கம்மாய்க்குள்ள போச்சு. இப்ப வாசல்லயே கெடக்கு, அள்ளிக்கோ" என்றார். நடவு நாளன்று எங்களோடு வாக்குவாதம் செய்தவர் அந்த உழவர். மறுநாள் வண்டி கட்டி வந்து, வரிசை சிதையாமல் ஓரமாக அள்ளி, இரண்டு நடை மண்ணைத் தம் காட்டுக்கே திரும்பக் கொண்டுபோனார்.

வரத்துக்கால் வாயில் மட்டும் இன்னும் ஒன்றும் நிலைக்கவில்லை. இரண்டு முறை நட்டோம். இரண்டு முறையும் வெள்ளம் நாற்றைப் பெயர்த்துக்கொண்டு போயிற்று. கல்லடுக்குவதற்கு முப்பது அடி அகலம் இருக்கிறது. இவ்வாண்டு முகாம் மாணவர்களுக்கு அந்த முப்பதடியையே ஒதுக்கியிருக்கிறோம்.